கல்லறை இல்லாத தகப்பனும் ஒரு வெள்ளைச் சுவரும்: ‘த வோல்’ இரட்டை இசைத்தட்டின் கதை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஆனாலும் பாட்டுக் கேட்டோம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில் கசற் பாடும். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் பாடகரின் குரலும் சோர்ந்துவிடும்.

பக்கத்து வீட்டு அண்ணா கொழும்பில் படித்த காலத்தில் பதிவுசெய்து கொண்டுவந்த கசற் ஒன்றை ஒருநாள் போட்டார். ஆங்கிலப் பாட்டு. எனக்குச் சொற்கள் பிடிபடவில்லை. முதற் பாட்டின் முடிவில் ஒரு விமானம் குத்திக்கொண்டு கீழே இறங்கும் ஒலி கேட்டது. அடுப்படியில் இருந்த அவரது தாயார் அகப்பையைப் போட்டுவிட்டு, “பொம்மர் வருது, பங்கருக்க ஓடுங்கோ” என்று கத்தினார். நான் பாதித் தூரம் ஓடியும்விட்டேன். அண்ணா சிரித்தபடி பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார். விமான ஒலி முடிந்ததும் கசற்றில் ஒரு பச்சைக் குழந்தை அழுதது.

அது பிங்க் புளொய்ட் என்ற பிரித்தானிய றொக் இசைக்குழுவின் ‘த வோல்’. தமிழில் ‘சுவர்’. 1979ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி பிரித்தானியாவிலும் ஒரு வாரம் கழித்து அமெரிக்காவிலும் வெளியான இரட்டை இசைத்தட்டு. 26 பாடல்கள், ஏறக்குறைய 81 நிமிடங்கள். தொண்ணூறு நிமிடக் கசற் ஒன்றில் ஒரு பக்கத்துக்கு ஒரு தட்டு என்று அளவாக அடங்கியிருந்தது.

அந்த விமானமும் அந்தக் குழந்தையும் ஏன் அடுத்தடுத்து வந்தன என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். றொக் இசை எல்லோருக்கும் பிடிக்கவேண்டும் என்றில்லை. ஆனால் போரில் தகப்பனை இழந்த ஒரு குழந்தை வளர்ந்து அந்த இழப்பை என்ன செய்தது என்பது நமக்கு அந்நியமான விடயம் அல்ல.

ஐந்து மாதக் குழந்தை

இந்த இசைத்தட்டின் பெரும்பகுதியை எழுதியவர் றோஜர் வோட்டர்ஸ். குழுவின் பாஸ் கிற்றார் கலைஞர், பாடகர். 1943 செப்டெம்பர் 6ஆம் திகதி இங்கிலாந்தில் பிறந்தார். தகப்பன் எரிக் பிளெட்சர் வோட்டர்ஸ் ஒரு பள்ளி ஆசிரியர். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது, கொள்கை அடிப்படையில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். லண்டன் மீது ஜேர்மன் விமானங்கள் குண்டு பொழிந்த நாட்களில் அம்புலன்ஸ் ஓட்டினார். பின்னர் மனம் மாறினார். நாசிகளை எதிர்த்துப் போரிடாமல் இருப்பது சரியல்ல என்று முடிவுசெய்து இராணுவத்தில் சேர்ந்து, இரண்டாம் லெப்டினன்ற் ஆனார்.

1944 ஜனவரி 22ஆம் திகதி நேச நாட்டுப் படைகள் இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் தரையிறங்கின. பெப்ரவரி நடுப்பகுதியில் ஜேர்மன் படைகள் கடுமையாகத் திருப்பித் தாக்கின. 18ஆம் திகதி எரிக் வோட்டர்ஸ் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது ஐந்து மாதம். உடல் கிடைக்கவில்லை. கல்லறை இல்லை. இத்தாலியின் கசினோவில், கல்லறை தெரியாத 4,000க்கும் அதிகமான பொதுநலவாய நாட்டுப் படையினரின் பெயர்கள் பொறிக்கப்பட்ட நினைவிடத்தில் அவரது பெயரும் ஒன்று.

அந்த எரிக்குடைய தகப்பனும் முதலாம் உலகப் போரில், 1916இல், பிரான்சில் கொல்லப்பட்டவர். அதாவது தகப்பன் முகம் தெரியாமல் வளர்ந்த ஒருவருக்கு, தகப்பன் முகம் தெரியாமல் வளர்ந்த ஒரு மகன். தாய் மேரியும் ஆசிரியை. அவர்தான் பிள்ளைகளை வளர்த்து எடுத்தார்.

இசைத்தட்டின் தொடக்கத்தில் வரும் விமானம் தகப்பனின் சாவு. குழந்தையின் அழுகை மகனின் தொடக்கம். இரண்டுக்கும் இடையில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை.

மொன்றியலில் நடந்தது

ஆனால் ‘சுவர்’ என்ற எண்ணம் தகப்பனை நினைத்துப் பிறந்ததல்ல. அது ஒரு வெட்கத்தில் பிறந்தது.

1973இல் வெளியான முந்தைய இசைத்தட்டு ஒன்றின் மூலம் பிங்க் புளொய்ட் உலகப் புகழ் பெற்றுவிட்டது. சிறு மண்டபங்களில் வாசித்தவர்கள் விளையாட்டரங்குகளில் வாசிக்கத் தொடங்கினார்கள். பல்லாயிரம் பேர் கூடினார்கள். முன்வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள், வெடி கொளுத்தினார்கள். தான் பாடுவது எவருக்கும் கேட்கவில்லை என்று வோட்டர்ஸுக்குத் தோன்றியது. 1977 ஜூலை 6ஆம் திகதி கனடாவின் மொன்றியல் ஒலிம்பிக் அரங்கில் அந்தச் சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சி. மேடைக்கு அருகில் நின்று சத்தமிட்ட இளைஞர் ஒருவர் மீது வோட்டர்ஸ் காறித் துப்பினார்.

தன்னைத் தேடி வந்த ரசிகன் மீது துப்பும் அளவுக்குத் தான் எப்படி ஆனேன் என்ற கேள்வி அவரை விடவில்லை. தனக்கும் கேட்பவர்களுக்கும் இடையில் ஏற்கனவே ஒரு சுவர் இருக்கிறது, அதை மேடையிலேயே உண்மையாகக் கட்டிக் காட்டினால் என்ன என்று யோசித்தார். அந்தச் சுவரின் முதற் கல் எது என்று பின்னோக்கிப் போனபோதுதான் அன்சியோ வந்தது.

1978 ஜூலையில் அவர் தனியே வீட்டில் பதிவுசெய்த இரண்டு மாதிரிகளைக் குழுவினர் முன் வைத்தார். ஒன்று சுவர் பற்றியது. மற்றது ஒரே இரவில் ஒருவன் காணும் கனவுகள் பற்றியது. குழு சுவரைத் தேர்ந்தெடுத்தது. மற்றதை அவர் 1984இல் தனி இசைத்தட்டாக வெளியிட்டார்.

கடனும் நாற்பது பக்கங்களும்

அவர்கள் சுவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் கலை மட்டும் காரணம் அல்ல. காசும் காரணம். குழுவின் பணத்தை முதலீடு செய்த நிறுவனம் அதில் மில்லியன் கணக்கான பவுண்களை இழந்துவிட்டது. இழந்த பணத்துக்கும் வரி கட்டவேண்டிய நிலை. அப்போது பிரித்தானியாவில் உயர் வருமானத்துக்கான வரி 83 வீதம். புதிய இசைத்தட்டு ஒன்று விரைவாக வெளிவராவிட்டால் நால்வரும் முறிந்துபோகும் நிலை. 1979 ஏப்ரல் அளவில், வரியில் இருந்து தப்ப, குடும்பங்களோடு ஒரு வருடம் நாட்டை விட்டு வெளியேறினார்கள். லண்டனில் சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் தொடங்கிய வேலை தெற்கு பிரான்சில் இரண்டு கூடங்களிலும், பின் நியூயோர்க்கிலும் லொஸ் ஏஞ்சலிசிலும் தொடர்ந்தது.

ஒருவரது வாழ்க்கைக் கதையை 80 நிமிட இசையாக்குவது இலகுவல்ல. வோட்டர்ஸ் கொண்டுவந்த மாதிரி நீளமாகவும் சிதறலாகவும் இருந்தது. வெளியில் இருந்து பொப் எஸ்றின் என்ற கனேடியத் தயாரிப்பாளரை அழைத்தார்கள். அவர் ஒரே இரவில் அமர்ந்து, முழு இசைத்தட்டையும் ஒரு திரைக்கதை போல நாற்பது பக்கங்களில் எழுதிக்கொண்டு வந்தார். எந்தப் பாட்டு எதன் பின் வரவேண்டும், எங்கே ஓட்டை இருக்கிறது, எதை நீக்கவேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. கதையின் நாயகன் வோட்டர்ஸ் அல்ல, ‘பிங்க்’ என்ற கற்பனைப் பாடகன் என்பதும் உறுதியானது. ஒலிப்பதிவுப் பொறுப்பை ஜேம்ஸ் கத்றி என்ற இளைஞர் ஏற்றார். வாத்தியக் குழுவுக்கான இசையை மைக்கல் கேமன் எழுதினார்.

நேரம் போதாமல் கடைசி நாள் வரை வெட்டி ஒட்டினார்கள். வினைல் தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்கள் அளவில்தான் ஒலி தரமாக இருக்கும். இடம் போதாமல் ஒரு பாட்டை நீக்கினார்கள், இன்னொன்றை இடம் மாற்றினார்கள். ஆனால் உறை அதற்குள் அச்சாகிவிட்டது. நீக்கிய பாட்டின் வரிகள் உறையில் அப்படியே இருந்தன.

நான்கு பக்கங்களில் ஒரு கதை

முதற் தட்டில் சுவர் எழுகிறது. ஒவ்வொரு காயமும் ஒரு கல். போரில் போன தகப்பன் முதற் கல். அடித்து அவமானப்படுத்தும் ஆசிரியர் ஒரு கல். பயத்தில் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைத்து மூச்சு முட்டவைக்கும் தாய் ஒரு கல். குண்டு விழுந்த வானத்தின் நினைவு ஒரு கல். பிங்க் வளர்ந்து புகழ்பெற்ற பாடகனாகிறான். மனைவி விலகிப்போகிறாள். அதுவும் ஒரு கல். இரண்டாம் பக்கம் முடியும்போது கடைசி இடைவெளியும் அடைபட்டுவிடுகிறது.

இரண்டாம் தட்டு சுவருக்கு உள்ளே நடப்பது. இப்போது அவன் வெளியே இருப்பவர்களைக் கூப்பிடுகிறான். எவருக்கும் கேட்பதில்லை. போர்க்காலத்தில் படையினருக்காகப் பாடிய வேரா லின் என்ற பாடகியை நினைக்கிறான். மீண்டும் சந்திப்போம் என்று அவர் பாடிய நம்பிக்கை என்னவாயிற்று என்று கேட்கிறான். அதைத் தொடர்ந்து, போன பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லும் ஒரு குறும் பாட்டு. முழு வாத்தியக் குழுவும் முரசுகளும் கூட்டுக்குரலும் சேர்ந்து ஒலிக்கும் இடம் அது. ஒன்றரை நிமிடம்கூட வராது. என்னைப் பொறுத்தவரை இசைத்தட்டின் நடு நெஞ்சு அதுதான்.

அடுத்து வருவதுதான் முக்கியமானது. காயப்பட்ட பிள்ளை நல்லவனாக மாறவில்லை. நிகழ்ச்சிக்குப் போக முடியாமல் கிடக்கும் பிங்குக்கு வைத்தியர் ஊசி போட்டு எழுப்புகிறார். 1977 சுற்றுப்பயணத்தில் வோட்டர்ஸுக்கு உண்மையாக நடந்த ஒன்று இது. எழுந்து மேடைக்குப் போகிறவன் ஒரு சர்வாதிகாரியாகப் போகிறான். கூட்டத்தில் யார் வேற்று இனத்தவர், யார் வித்தியாசமானவர் என்று தேடி, அவர்களை ஒதுக்கச் சொல்லிக் கத்துகிறான். தகப்பனைக் கொன்ற பாசிசம் மகனின் வாயில் இருந்து வருகிறது. கடைசியில் அவனுக்குள்ளேயே ஒரு நீதிமன்றம் கூடுகிறது. தண்டனை, சுவரை உடைப்பது.

பாதிக்கப்பட்டவன் என்பதால் மட்டும் ஒருவன் நீதிமானாகிவிடமாட்டான். தன் காயத்தைக் கல்லாக்கி அடுக்கினால், அதற்குப் பின்னால் நின்று இன்னொருவரைக் காயப்படுத்தவும் முடியும். இதைத் தன்மீதே வைத்துச் சொன்னதுதான் வோட்டர்ஸின் துணிச்சல்.

சுவர் உடைந்த பிறகு வரும் சிறிய பாட்டின் முடிவில், ஒரு குரல் ஒரு கேள்வியைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடும். அதன் மறுபாதி முதற் தட்டின் தொடக்கத்தில், முதற் பாட்டுக்கு முன்னால், மெல்லிதாக இருக்கிறது. கசற்றைத் திருப்பிப் போட்டால் கேள்வி முழுமையாகும். உடைந்த சுவர் மறுபடி கட்டப்படும். அண்ணாதான் இதைக் கண்டுபிடித்துக் காட்டினார். டைனமோவின் இரைச்சலுக்குள் காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்டோம்.

23 மாணவர்கள்

பிங்க் புளொய்ட் தனிப் பாடல் வெளியிடும் குழு அல்ல. ஆனால் பாடசாலை பற்றிய பாட்டுக்கு, அப்போது பரவியிருந்த டிஸ்கோ நடனத் தாளத்தைப் போடலாம் என்று எஸ்றின் சொன்னார். பாட்டு மிகச் சிறியது. ஒரு சரணம், ஒரு பல்லவி. நீட்டிப் பாட குழு மறுத்தது. எனவே அதே சரணத்தைப் பிள்ளைகளைக் கொண்டு பாடுவித்து இரண்டாம் முறை சேர்க்கலாம் என்று முடிவானது.

லண்டனில் அவர்களது ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அருகில் இஸ்லிங்டன் கிறீன் பாடசாலை இருந்தது. அதன் இசை ஆசிரியர் அலன் ரென்ஷோ 23 மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தக் குரல்களை மேல் மேலாகப் பன்னிரண்டு தடவை பதிந்து பெரும் கூட்டம் பாடுவது போல ஆக்கினார்கள். பாட்டு என்ன சொல்கிறது என்பதை அறிந்த அதிபர் கோபமடைந்தார். தொலைக்காட்சியில் மாணவர்கள் தோன்றுவதற்கு அனுமதிக்கவில்லை. பாடசாலைக்கு 1,000 பவுண் கொடுக்கப்பட்டது. பாடிய பிள்ளைகளுக்கு உரிமைப் பணம் எதுவும் கொடுக்கப்படவில்லை. 2004இல், பெரியவர்களாகிவிட்ட அவர்களில் சிலர் தங்கள் பங்கைக் கேட்டார்கள்.

அந்தப் பாட்டு 1979 நத்தார் காலத்தில் பிரித்தானியாவில் முதலிடத்தில் இருந்தது. 1980இல் அமெரிக்காவில் நான்கு வாரம் முதலிடம். அதே ஆண்டு தென்னாபிரிக்காவில், நிறவெறி அரசின் சமத்துவமற்ற கல்விக்கு எதிராகப் பாடசாலைகளைப் புறக்கணித்த மாணவர்கள் அதைப் பாடிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். மே மாதத்தில் அந்த அரசு பாட்டைத் தடைசெய்தது. லண்டன் பாடசாலை ஒன்றின் பிள்ளைகள் பாடியதைக் கேப் டவுன் பிள்ளைகள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இதைத் தயாரிப்பாளரோ பாடலாசிரியரோ திட்டமிடவில்லை.

குழுவுக்குள் எழுந்த சுவர்

சுவர்களைப் பற்றிய இந்த இசைத்தட்டு செய்யப்பட்டபோதே அதைச் செய்தவர்களுக்குள் சுவர் எழுந்தது. விசைப்பலகைக் கலைஞர் றிச்சர்ட் றைட் அந்த நாட்களில் சோர்ந்துபோயிருந்தார். அவரது பங்களிப்பு குறைந்தது. நத்தாருக்கு முன் தட்டை முடித்தால் கூடுதல் வருமானம் என்று நிறுவனம் சொன்னபோது, விடுமுறையைக் குறைத்துக்கொண்டு வரும்படி அவரிடம் கேட்டார்கள். அவர் மறுத்தார். அவர் குழுவை விட்டு விலகவேண்டும் என்று வோட்டர்ஸ் நிபந்தனை போட்டார். எல்லோருக்கும் கடன் கழுத்தில் இருந்தது. றைட் விலகச் சம்மதித்தார்.

அதன் பிறகு மேடை நிகழ்ச்சிகளில் அவர் சம்பளத்துக்கு வாசித்தார். நிகழ்ச்சிகளின் செலவு வருமானத்தை மிஞ்சியது. நட்டத்தை மற்ற மூவரும் சுமந்தார்கள். சம்பளம் வாங்கிய றைட்டுக்கு மட்டும் காசு மிஞ்சியது.

இன்று இந்தத் தட்டில் அதிகமாக நேசிக்கப்படும் பாட்டு, ஊசி போடும் வைத்தியரும் நோயாளியும் மாறி மாறிப் பேசும் பாட்டு. அதன் இசை கிற்றார் கலைஞர் டேவிட் கில்மருடையது. வரிகள் வோட்டர்ஸுடையவை. வாத்தியக் குழுவுடன் ஒரு வடிவம், அது இல்லாத கனமான ஒரு வடிவம் என்று இரண்டு பதிவுகள் இருந்தன. எதை வைப்பது என்று இருவரும் கடுமையாக வாதாடினார்கள். கடைசியில் இரண்டில் இருந்தும் பகுதிகளை எடுத்து இணைத்தார்கள். அந்த இணக்கத்தில் இருந்துதான் அந்தப் பாட்டின் அழகு வந்தது. வோட்டர்ஸ் எண்பதுகளின் நடுவில் குழுவை விட்டுப் போனார். பெயர் யாருக்கு என்ற தகராறு சட்டத்தரணிகளிடம் போய் 1987இல் இணக்கத்துக்கு வந்தது.

உலகம் எப்படி ஏற்றுக்கொண்டது?

விமர்சகர்கள் பிளவுபட்டார்கள். அது பங்க் இசையின் காலம். மூன்று நிமிடப் பாட்டு, மலிவான கருவி, தெருக் கோபம் என்று இளைஞர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பணக்காரப் பாடகர் ஒருவர் 81 நிமிடம் தன் துயரைப் பாடுவது சிலருக்குச் சுய இரக்கமாகப் பட்டது. பெண்கள் வரும் விதம் நியாயமற்றது என்றும் சொன்னார்கள். அதில் உண்மை இருக்கிறது. தாயும் மனைவியும் அந்தக் கதையில் கற்களாக மட்டுமே வருகிறார்கள். கணவனைப் போருக்குக் கொடுத்துத் தனியே பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணின் பக்கம் என்ன என்று இசைத்தட்டு கேட்கவே இல்லை. நமது ஊர்களில் அப்படியான எத்தனையோ தாய்மாரை அறிந்த எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது. மறுபுறம், இந்த அளவு துணிச்சலான றொக் முயற்சி வேறு இல்லை என்று எழுதியவர்களும் இருந்தார்கள்.

மக்கள் விமர்சனத்துக்காகக் காத்திருக்கவில்லை. அமெரிக்காவில் 15 வாரங்கள் முதலிடம். பிரித்தானியாவில் மூன்றாம் இடம் வரை. ஒலிப்பதிவுக்காக ஜேம்ஸ் கத்றிக்கு கிராமி விருது கிடைத்தது. அமெரிக்க ஒலிப்பதிவுத் துறை அமைப்பு 23 தடவை பிளாட்டினம் சான்று வழங்கியது. அங்கே இரட்டைத் தட்டை இரண்டாக எண்ணுவார்கள். ஆகவே ஒரு கோடியே 15 இலட்சம் பிரதிகள் என்று கொள்ளவேண்டும்.

மேடையில் அதைச் செய்துகாட்டுவது பெரும் பாடு. கட்டடக் கலைஞர் மார்க் பிஷர் முதலானோர் வடிவமைத்த, அட்டைப் பெட்டிகளால் ஆன சுமார் 40 அடி உயரச் சுவரை, பாடிக்கொண்டிருக்கும்போதே வேலையாட்கள் கட்டினார்கள். பாதி நிகழ்ச்சியில் குழு முழுவதுமாக மறைந்துவிடும். ஜெரால்ட் ஸ்கார்ப் வரைந்த சித்திரங்கள் அந்தச் சுவரில் அசைந்தன. கடைசியில் சுவர் சரிந்து விழும். லொஸ் ஏஞ்சலிஸ், நியூயோர்க், லண்டன், ஜேர்மனியின் டோட்மண்ட் ஆகிய நான்கே இடங்களில், 1980, 81இல் 31 நிகழ்ச்சிகள் மட்டும்.

1982இல் அலன் பார்க்கர் அதைத் திரைப்படமாக்கினார். பொப் கெல்டொவ் பிங்காக நடித்தார். அதில் ஒரு காட்சி. சிறுவன் வீட்டு லாச்சியைத் திறந்து செத்துப்போன தகப்பனின் சீருடையைக் கண்டெடுக்கிறான். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறான். வசனம் இல்லை. நமக்கு வசனம் தேவையும் இல்லை.

1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. 1990 ஜூலை 21ஆம் திகதி, கிழக்கும் மேற்கும் பிரிந்திருந்த சூனியப் பிரதேசமான போட்ஸ்டாமர் சதுக்கத்தில் வோட்டர்ஸ் இந்தச் சுவரைக் கட்டி வீழ்த்தினார். 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். மேடை போடும் முன்னர் அந்த நிலத்தில் வெடிபொருட்கள் கிடக்கின்றனவா என்று தேடவேண்டியிருந்தது. அந்தத் தேடலில் நாசிகளின் காலத்துப் பதுங்குகுழி ஒன்றும் வெளிப்பட்டது. கண்ணிவெடி அகற்றியபின் காணிக்குத் திரும்பியவர்களுக்கு இது புதுமையாக இராது.

சுவரில் ஒட்டப்பட்ட படங்கள்

2010இல் வோட்டர்ஸ் மறுபடி உலகைச் சுற்றக் கிளம்பினார். முதல் நிகழ்ச்சி செப்டெம்பர் 15ஆம் திகதி ரொறன்ரோவில். அப்போது நான் அங்கே இருந்தேன். ரிக்கெற் வாங்கிப் போனேன்.

இம்முறை சுவரில் புதிதாக ஒன்று இருந்தது. போரில் தமது அன்புக்குரியவர்களை இழந்தவர்கள் அவர்களின் படத்தையும் விபரத்தையும் அனுப்பலாம் என்று வோட்டர்ஸ் உலகெங்கும் கேட்டிருந்தார். இடைவேளையில் சுவரின் ஒவ்வொரு கல்லிலும் ஒரு முகம். முதலில் எரிக் பிளெட்சர் வோட்டர்ஸ். பிறகு படையினர், பொதுமக்கள், பிள்ளைகள். எந்தப் பக்கம் என்று பிரிக்கவில்லை. பெயர், பிறந்த நாள், இறந்த இடம். பலர் சிற்றுண்டி வாங்க எழுந்து போனார்கள். நான் எழும்பவில்லை. முள்ளிவாய்க்கால் முடிந்து பதினாறு மாதம்தான் ஆகியிருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணாவை 1995 இடப்பெயர்வுக்குப் பின் நான் காணவில்லை. அவர் குடும்பத்தோடு வன்னிக்குப் போனார். 2009 மே மாதம் வட்டுவாகலைக் கடந்து வந்தபோது, விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லி அவரை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். தாயார் கடைசியாகக் கண்டது அதுதான்.

நிகழ்ச்சி முடிந்த கிழமை நான் அந்தத் தாயாருக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணாவின் படம் ஒன்றை அனுப்பினால் அந்தச் சுவரில் போடலாம், உலகம் முழுக்கப் பார்க்கும், அவருக்கும் பிடித்த பாட்டுக்காரர் என்று ஏதேதோ சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அது செத்தாக்களின்ர படமெல்லே தம்பி?” என்றார்.

“ஓம் மாமி.”

“அப்ப இவன்ர படத்தை ஏன் அதில போடுவான்?”

எனக்குப் பதில் வரவில்லை. அவரே கதையை மாற்றி, நான் சாப்பிட்டேனா, அங்கே குளிரோ என்று கேட்டார்.

அன்று வெட்கப்பட்டேன். நல்லது செய்வதாக நினைத்து, மகன் செத்துவிட்டான் என்று அந்தத் தாயிடம் ஒப்புதல் கேட்டிருக்கிறேன். மரணச் சான்றிதழை எடுங்கள், நட்டஈடு தருகிறோம் என்று அவரிடம் வந்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள். வோட்டர்ஸின் சுவரில் இறந்தவர்களுக்கு இடம் இருந்தது. இறந்தார்களா என்று எவரும் சொல்லாதவர்களுக்கு இடம் இல்லை. அது அவரது குற்றம் அல்ல. அவருக்குத் தகப்பன் இறந்த திகதி தெரியும்.

திகதி தெரிந்தும் அவருக்கு அது போதவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எந்த இடத்தில் என்று அறியாமல் அவர் எழுபது வயது வரை இருந்தார். இத்தாலியில் குடியிருந்த ஹரி ஷிண்ட்லர் என்ற முன்னாள் பிரித்தானியப் படைவீரர், தானும் அன்சியோவில் போரிட்டவர், படைக் குறிப்புகளையும் வரைபடங்களையும் தேடி எரிக் வோட்டர்ஸ் விழுந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். 2014 பெப்ரவரி 18ஆம் திகதி, சரியாக எழுபது ஆண்டுகள் கழித்து, அன்சியோவுக்கு அருகிலுள்ள அப்ரிலியாவில் ஒரு நினைவுக்கல் திறந்துவைக்கப்பட்டது. மகன் போய் நின்றார்.

உலகத்தின் பாதி அவரது பாட்டைப் பாடியது. பெர்லினில் இலட்சக்கணக்கானோர் கூடினார்கள். அத்தனைக்கும் பிறகு ஒரு வயல்வெளியில், இந்த இடத்தில்தான் என்று ஒருவர் சொல்லக் கேட்பதற்காக அவர் போனார். அந்த ஒரு தகவலுக்குப் பதிலாக இசையோ புகழோ காசோ நிற்க முடியவில்லை.

மாமி இப்போதும் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. வீதியோரப் போராட்டப் பந்தலுக்குப் போக முடிகிற நாட்களில் போகிறார். மடியில் அண்ணாவின் படம். பழைய அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து கண்ணாடிச் சட்டம் போட்டது. படத்துக்குக் கீழே பெயரும் பிறந்த திகதியும் இருக்கின்றன. பிறகு ஒரு சிறிய கோடு. கோட்டுக்கு அப்பால் எதுவும் எழுதப்படவில்லை.